அவர் காணாமல் போகக்கூடாது, வெளிக்கிட வேண்டும்

கேள்வி:

அன்புள்ள சட்டத்தரணி அக்காவுக்கு, நான் பரந்தன் - முல்லைத்தீவு வீதியை அண்டிய ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியை. என்னோடு படித்த மூன்று பேரும் நானுமாக, வீட்டில் அடி வாங்கும் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு முடிந்ததைச் செய்துவருகிறோம். இரண்டு வருடத்தில் இரண்டு பேரை வெளியே அனுப்பினோம். ஒருவர் திருநங்கை, கொழும்பில் வேலை செய்கிறார். மற்றத் தம்பி மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். இப்போது 23 வயதுத் தோழி ஒருவர். இன்னொரு பெண்ணோடு அவர் கதைத்ததை அண்ணன்மார் போனில் பார்த்துவிட்டார்கள். போனையும் அடையாள அட்டையையும் பறித்துவிட்டார்கள். கழிப்புக் கழித்து நூல் கட்டினார்கள். அடித்தார்கள். இரவில் அறையை வெளியால் பூட்டுகிறார்கள். பிரான்ஸ் மாப்பிள்ளை, ஆவணியில் கலியாணம் என்று பேசி முடித்தாயிற்று. அதற்கு முன் அவரை அனுப்பிவிடுவதென்று நாங்கள் தீர்மானித்துவிட்டோம். ஒரு ஏஜென்ட் 35 இலட்சம் கேட்கிறார். சீட்டை எடுத்து, நகையை அடைவு வைத்தால் பாதி சேரும். நாங்கள் செய்வது ஆட்கடத்தலா? ஏஜென்டிடம் காசு கொடுக்கலாமா? இப்படியானவர்களைக் கனடாவுக்கு எடுக்கிற அமைப்பு இருக்கிறதாமே, உண்மையா? 2009 இல் அவருக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு அவர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றித்தான் மேலே போட்டிருக்கிறேன். எந்த வழியால், எந்த நாளில், யாருடைய வாகனத்தில் என்பதெல்லாம் இந்தப் பதிலில் வராது. இதை அந்த அண்ணன்மாரும் வாசிக்கலாம். சட்டத்தை யார் வாசித்தாலும் பாதகமில்லை, அதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், நீங்கள் கேட்காத ஒன்று. "நாங்கள் தீர்மானித்துவிட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தோழி என்ன தீர்மானித்தார்? அவருடைய அழுகை கடிதத்தில் இருக்கிறது, அவருடைய வார்த்தை ஒன்றுகூட இல்லை. கலியாணம் நின்றால் போதும், அம்மாவோடுதான் இருப்பேன் என்று அவர் நினைக்கக்கூடும். வவுனியாவில் ஒரு வேலையும் அறையும் கிடைத்தால் போதும் என்று நினைக்கக்கூடும். பிரான்ஸ் வேண்டாம் என்பவருக்குக் கனடாவும் வேண்டாமாக இருக்கலாம். அண்ணன்மார் அவருக்காக ஒரு முடிவு எடுத்தார்கள், நீங்கள் அன்போடு இன்னொரு முடிவு எடுத்திருக்கிறீர்கள். தனியாகப் பேச ஐந்து நிமிடம் கிடைத்தாலும் அதை அவரிடமே கேளுங்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்த தம்பியிடம் போகும் முன் இதைக் கேட்டீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள்.

சரி, ஆட்கடத்தல் கேள்விக்கு வருகிறேன். இலங்கையில் 18 வயது நிறைந்தவர் வயது வந்தவர். தன் விருப்பத்தில் வீட்டை விட்டுப் போக அவருக்குத் தகப்பனுடைய அனுமதியோ அண்ணனுடைய அனுமதியோ தேவையில்லை. பாதுகாவலரிடமிருந்து ஆளைக் கடத்துவது என்று தண்டனைச் சட்டக்கோவை சொல்வது சிறுவர்களையும் சித்த சுவாதீனம் இல்லாதவர்களையும் பற்றியது. வயது வந்த ஒருவரைப் பலாத்காரமாகவோ ஏமாற்றியோ கொண்டுபோனால் அது வேறு குற்றம். தானாக வெளிக்கிட்டு வருகிறவருக்குப் பஸ் காசு கொடுப்பது இரண்டிலும் அடங்காது. மாறாக, வயது வந்த ஒருவரை அறையில் வைத்துப் பூட்டுவதுதான் குற்றம். அடையாள அட்டையைப் பறித்து வைத்திருப்பதற்கும் அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆனால் "சித்த சுவாதீனம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வயது வந்த பிள்ளையைத் திரும்பப் பிடிக்க நினைக்கும் குடும்பங்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான். "பிள்ளைக்கு மனநிலை சரியில்லை, இவர்கள் மயக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்" என்று முறைப்பாடு எழுதுவார்கள். 2022 இல் அக்கரைப்பற்றில் சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு பெண்கள் மீது முறைப்பாடு வந்தபோது, அவர்களை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பும்படிதான் நீதிமன்றம் கட்டளையிட்டது. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990 இல். இருந்தும் இதுதான் நடக்கிறது. ஆகவே தோழி வெளியே வந்ததும், எவரும் கேட்கும் முன், அரசாங்க வைத்தியசாலையில் ஒரு வைத்தியரைப் பார்க்க வேண்டும். அடிகாயங்கள் பதிவாக வேண்டும். தெளிவாக, தன் விருப்பத்தில் பேசுகிற ஒரு பெண்ணை அந்த வைத்தியர் பார்த்ததும் பதிவாக வேண்டும். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள்.

அடுத்தது, எல்லோரும் பயப்படுகிற 365அ, ஒரே பாலினத்தவருக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவு. 1883 ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதிய கோவை அது. 1995 இல் திருத்தியபோது "ஆண்" என்று இருந்த இடத்தில் "ஆள்" என்று போட்டார்கள், பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். இரண்டு வருடம் வரை சிறை. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு செய்ததற்குச் சிறைத்தண்டனை பொருத்தமில்லை என்று உயர் நீதிமன்றம் 2016 இல் ஒரு வழக்கில் ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. பெண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக வைத்திருப்பது பெண்களின் உரிமையை மீறுவது என்று ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான குழு 2022 இல் இலங்கைக்கு எதிராக முடிவு சொன்னது. இந்தப் பிரிவுகளை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாராளுமன்றம்தான் அதை நிறைவேற்றவில்லை. பிரிவு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அது தண்டிப்பது ஒரு செயலை, யாரை விரும்புகிறோம் என்பதை அல்ல. எனவே பொலிஸில் சொல்ல வேண்டியது: வயது 23, பூட்டி வைத்தார்கள், அடித்தார்கள், விருப்பமில்லாத கலியாணம் பேசினார்கள். இது முழு உண்மை, இது போதும். காரணத்தைச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. அந்தப் பெண்ணின் பெயரோ, அவர்கள் பேசிய செய்திகளோ உங்கள் நால்வரின் போன்களிலும் இருக்கக்கூடாது. இன்றைக்கே அழியுங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை மற்றக் கடிதங்களுக்கு முன் எடுத்தேன்.

முள்ளிவாய்க்காலில் சரணடைந்தவர்கள் எங்கே என்று கேட்டு 2013 இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கலானபோது நான் இளம் சட்டத்தரணி. 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பந்தல் போட்டுப் போராடிக்கொண்டு இருந்தபோது அடிக்கடி அங்கே போய்வந்திருக்கிறேன். அந்த ஆண்டுகளில்தான் உங்களைப் போன்ற சில பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பெண்ணைக் கொழும்புக்கு அனுப்பினோம். கடிதம் இல்லை, சொல் இல்லை. போனை அணைத்துவிட்டார். அதுதான் பாதுகாப்பு என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஐந்தாம் நாள் ஒரு தாய் என் கந்தோருக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோவை. அதற்குள் 2009 இல் காணாமல் போன மகனுடைய படம், அவனுக்காக எழுதிய முறைப்பாடுகள், செஞ்சிலுவைச் சங்கத் துண்டு. அவற்றுக்கு மேல் புதிதாக ஒரு படம், மகளுடையது. "இவளையும் காணேல்லை அம்மா, இதுக்கும் ஒரு மனு எழுதித் தாங்கோ" என்றார். மகள் எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். சொல்ல முடியாது. நான் அன்று என்ன சொல்லி அவரை அனுப்பினேன் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

வன்னியில் "காணேல்லை" என்பது சாதாரணச் சொல் இல்லை, தங்கச்சி. வேறு ஊரில் ஒரு பெண் வீட்டை விட்டுப் போனால் ஓடிப்போய்விட்டாள் என்பார்கள். இங்கே ஒரு தாய்க்கு முதலில் மனதில் வருவது ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன வெள்ளை வான். அந்தத் தாயை அந்த நிலைக்குத் தள்ளாமலே அவருடைய மகளைக் காப்பாற்ற முடியும். சட்டத்துக்கும் அதுதான் நல்லது. காணாமல் போனவர் என்ற முறைப்பாடு பதிவானால் பொலிஸ் தேடும், தேட வேண்டியது அவர்கள் கடமை. அவர் தானாக வெளிக்கிட்டார் என்று முன்கூட்டியே எழுத்தில் இருந்தால் அந்தத் தேடல் அங்கேயே தேய்ந்துவிடும்.

எனவே இரண்டு கடிதங்கள் வேண்டும். ஒன்று பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு: பெயர், அடையாள அட்டை இலக்கம், வயது, "நான் என் சொந்த விருப்பத்தில் வீட்டை விட்டு வெளியேறுகிறேன், எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, என் இருப்பிடத்தைக் குடும்பத்துக்கு அறிவிக்க வேண்டாம், தேவையானால் என் சட்டத்தரணி ஊடாகத் தொடர்பு கொள்ளலாம்." சொந்தக் கையெழுத்தில், திகதியோடு. சுற்று வட்டாரப் பொலிஸுக்குப் பதிவுத் தபாலில், ஒரு பிரதி மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு, ஒரு பிரதி சட்டத்தரணியிடம். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது தபாலில் சேர வேண்டும். மற்றக் கடிதம் தாய்க்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இது என் கற்பனை இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு இளம் பெண்களுக்கு அங்குள்ள அமைப்புகள் தங்க இடம் கொடுத்தன. பெற்றோர் இருவரும் காணாமல் போனதாக முறைப்பாடு கொடுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தனக்கு இந்த விடயம் விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் இருந்து கேட்டுக் கற்றுக்கொண்ட பிறகு அவர் 2021 ஜூன் 7 இல் கட்டளை கொடுத்தார். வயது வந்தவர்கள், சம்மதத்தோடு போனவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் எடுத்துவிட்டுப் பொலிஸ் முறைப்பாட்டை மூட வேண்டும், மேலும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்றார். ஒருவருடைய இயல்பை "மாற்றும்" சிகிச்சைகளையும் தடுக்கச் சொன்னார். இந்தியத் தீர்ப்பு இங்கே எவரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் நம் நீதவான் முன் வாசித்துக் காட்டலாம். நான் காட்டியிருக்கிறேன்.

கடிதம் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ரஷ்யாவின் செச்னியாவில் 2017 இல் தன்பாலீர்ப்பு ஆண்களைப் பிடித்து அடைத்துச் சித்திரவதை செய்தபோது, ரஷ்யாவில் இருந்த செயற்பாட்டாளர்கள் ஓர் அவசர எண்ணைத் திறந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை முதலில் வேறு ரஷ்ய நகரங்களுக்கும் அங்கிருந்து பலரை வெளிநாட்டுக்கும் கொண்டுபோனார்கள். அதே செச்னியாவிலிருந்து 2021 இல் ஒரு பெண் வெளிக்கிட்டு, பக்கத்துத் தாகெஸ்தானில் ஒரு பெண்கள் காப்பகத்தில் இருந்தார். தானாகத்தான் வந்தேன், தேட வேண்டாம் என்று சொல்லியும் வைத்திருந்தார். பொலிஸ் காப்பகத்துக்குள் நுழைந்து அவரைப் பிடித்துத் தகப்பனிடம் ஒப்படைத்தது. பக்கத்து மாவட்டம் தூரம் இல்லை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து ஒளிந்தால் இரண்டாம் நாள் பஸ் கண்டக்டர் சொல்லிவிடுவார். பெண்களுக்கான இல்லங்கள் சிலவற்றில் பொலிஸ் அல்லது நீதிமன்றம் ஊடாகத்தான் சேர்ப்பார்கள், உறவினர் வந்தால் பேசவும் விடுவார்கள். சேரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியேறவே முடியாமல் பூட்டி வைத்திருந்தால்? வன்னிச் சனத்துக்கு ஆட்கொணர்வு மனுவை நான் விளக்க வேண்டியதில்லை. இராணுவத்திடம் கேட்பதற்கு மட்டுமே அது என்று பலர் நினைக்கிறார்கள். தனியாள் சட்டவிரோதமாக வைத்திருந்தாலும் அந்த மனு பொருந்தும். மாகாண மேல் நீதிமன்றத்தில் போடலாம், தோழி சார்பில் இன்னொருவர் போடலாம். வேலூரில் பெற்றோர் அடைத்து வைத்த 25 வயதுப் பெண்ணை, அவருடைய துணைவி போட்ட இப்படியான மனுவில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் விடுவித்தது. இன்னொரு வழியும் உண்டு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவனுக்கு எதிராக மட்டும் இல்லை, தகப்பன், சகோதரனுக்கு எதிராகவும் பாவிக்கலாம். நீதவான் முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை தருவார், பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை தரலாம். மனுவில் அடியும் பூட்டும் இருந்தால் போதும். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. உயிருக்கு ஆபத்தென்றால் 119. பெண்களுக்கான உதவி எண் 1938.

அடையாள அட்டை விடயத்தில் ஒரு சிக்கல். தொலைந்ததென்று புதிதாக எடுக்கப் போனால் கிராம சேவையாளரிடம் போக வேண்டும், அவரிடமிருந்து செய்தி அன்றைக்கே வீட்டுக்குப் போகும். ஆகவே முடிந்தால் அட்டையோடு வெளிக்கிடட்டும். முடியாவிட்டால் ஆளைக் காப்பாற்றிவிட்டு அட்டையைச் சட்டத்தரணி ஊடாகக் கேட்போம்.

ஏஜென்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். 2022 நவம்பரில் 303 பேரை ஏற்றிக்கொண்டு போன கப்பல் நடுக்கடலில் பழுதாகி, மீட்ட இன்னொரு கப்பல் அவர்களை வியட்நாமில் இறக்கியது நினைவிருக்கும். அவர்களில் நம் ஊர்ச் சனம் எத்தனை பேர் நகையையும் காணியையும் வைத்துப் போனார்கள். அது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஏஜென்ட் ஆளை மட்டும் அனுப்புவதில்லை, ஒரு "கேஸ்" எழுதியும் கொடுப்பார். இயக்கத்தில் இருந்தேன், சி.ஐ.டி. தேடுகிறது என்று பாடமாக்கி அனுப்புவார். உங்கள் தோழிக்கு உண்மையான கேஸ் இருக்கிறது. அகதிகள் சமவாயத்தில் "குறித்த சமூகக் குழு" என்ற பிரிவுக்குள் பாலியல் நாட்டத்துக்காகத் துன்புறுத்தப்படுபவர்களும் வருவார்கள் என்று அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயம் 2012 இல் வழிகாட்டி எழுதியிருக்கிறது. ஊருக்குப் போய் மறைத்து வாழு என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது என்று பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2010 இல் சொல்லிவிட்டது. முதல் விசாரணையில் பொய்யைச் சொன்னவர் பிறகு உண்மையைச் சொன்னால் எவரும் நம்ப மாட்டார்கள். அந்த 35 இலட்சத்தில் நீங்கள் வாங்குவது உண்மையைக் கெடுக்கிற ஒரு பொய்.

கனடாவில் இருக்கும் அமைப்பு உண்மையானதுதான். ரெயின்போ ரெயில்ரோட் என்று பெயர், 2006 இல் தொடங்கியது. உதவி கேட்பவரே நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம், காசு வாங்க மாட்டார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி எவராவது காசு கேட்டால் அது மோசடி. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் போகின்றன, எல்லோருக்கும் உதவ அவர்களால் முடிவதில்லை. 2023 இல் கனடா அரசாங்கம், அகதிகளை அவர்கள் பரிந்துரைக்கும்படி ஓர் ஏற்பாடு செய்தது, ஆனால் அகதி என்பவர் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர். கிளிநொச்சியில் இருந்துகொண்டு அந்த வரிசையில் நிற்க முடியாது. எல்லை தாண்டினால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. உகண்டாவிலிருந்து தப்பிக் கென்யாவின் ககுமா முகாமுக்குப் போனவர்களை அங்கேயும் தாக்கினார்கள், 2021 இல் ஒருவர் தீக்காயத்தால் இறந்தார். விண்ணப்பியுங்கள், ஆனால் ஆவணியை அதை நம்பி வைக்காதீர்கள். கொழும்பில் 2004 இலிருந்து, தன்பாலீர்ப்பாளர், திருநர் உரிமைக்கான ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பு இயங்குகிறது, முதலில் அவர்களோடு பேசுங்கள்.

கலியாணம் கட்டிப் பிரான்சுக்குப் போய் அங்கே பிரிந்துவிடலாம் என்று எவராவது யோசனை சொல்லுவார்கள். விசாவும் கடவுச்சீட்டும் கணவன் கையில், மொழி தெரியாது, அண்ணன்மாருக்கு அங்கேயும் ஆள் இருக்கும். அந்த மாப்பிள்ளைக்கும் அது செய்யக்கூடாத அநியாயம்.

திரும்பி வந்த தம்பியைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான பயணங்கள் பஸ்ஸில் உடைவதில்லை, இரண்டாம் மூன்றாம் மாதத்தில் உடைகின்றன. வாடகை கட்ட இல்லை, சிங்களம் வராது, தைப்பொங்கலுக்குத் தனி அறையில் இருக்க முடியவில்லை. அப்புறம் ஒரு போன் வரும்: "அம்மாவுக்கு ஏலாது, கடைசியா ஒருக்கா வந்து பார்." நகையை அடைவு வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், ஏஜென்ட் கேட்ட காசில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூன்று மாத வாடகையும் சாப்பாடும் ஒரு தையல் அல்லது கணினி வகுப்பும் நடக்கும். கிழமைக்கு ஒருநாள் ஒரே நேரத்தில் அவரோடு பேசும் ஒருவர் வேண்டும். அம்மாவுக்கு உண்மையிலேயே ஏலாமல் போனால் வைத்தியசாலையில் விசாரித்துச் சொல்லும் ஒருவரும் ஊரில் வேண்டும். அது நீங்களாக இருக்கலாம்.

திருநங்கைத் தங்கச்சிக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். 2016 இலிருந்து பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுக்கலாம். மனநல வைத்தியர் ஊடாக அதைப் பெற்று, பிறப்புச் சான்றிதழையும் பிறகு அடையாள அட்டையையும் மாற்றட்டும்.

உங்களைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. நால்வருக்கும் எல்லாம் தெரிய வேண்டாம். தங்கும் இடம் ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். வட்ஸ்அப் குழுவைக் கலையுங்கள். தோழியின் வீட்டுக்கு இந்த நாட்களில் அடிக்கடி போகாதீர்கள். பொலிஸ் கூப்பிட்டால் ஓடாதீர்கள், சட்டத்தரணியோடு போய், அவர் வயது வந்தவர், தானாக வெளிக்கிட்டார், கடிதம் எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள். நித்திரை வராவிட்டால் 1926 க்கு அழைத்துப் பேசுங்கள், தமிழிலும் பேசுவார்கள்.

தாய்க்கான கடிதம். அதை நான் எழுதித் தர மாட்டேன், நீங்களும் எழுதாதீர்கள். அவருடைய கையெழுத்தைத் தாய் அடையாளம் காண வேண்டும். எங்கே போகிறேன் என்பது அதில் இருக்கக்கூடாது. உயிரோடு இருக்கிறேன், எவரும் கொண்டுபோகவில்லை, நானாகத்தான் போகிறேன், இன்ன நாளில் போன் எடுப்பேன் என்பது இருக்க வேண்டும். அந்த நாளில் கட்டாயம் எடுக்க வேண்டும், வேறு ஊரிலிருந்து, வேறு இலக்கத்திலிருந்து. தாய் திட்டினாலும் அழுதாலும் எடுக்க வேண்டும்.

தோழியிடம் கேட்டுவிட்டு, உங்களில் ஒருவர் மட்டும் வவுனியாவுக்கு வாருங்கள். போனில் எதையும் சொல்ல வேண்டாம். காசு தேவையில்லை. அவருடைய அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.